42.34 மீட்டரில் ஒரு குரல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உஷா மேத்தா பற்றி அரைப் பக்கக் குறிப்பொன்று வெளியிட்டிருந்தோம். 1942இல் பம்பாயில் ‘காங்கிரஸ் வானொலி’ என்ற இரகசிய ஒலிபரப்பை நடத்திய 22 வயதுப் பெண் அவர். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் அதுபற்றிக் கேள்விகள் வந்தன. பாதிக்கு மேல் ‘எப்படிச் செய்தார்கள்?’ என்ற கேள்விதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

வானொலி தொடங்குமுன் உஷா மேத்தா என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு மாணவிக்கு அந்தத் துணிவு எப்படி வந்தது?
*உயர்தர மாணவி, கல்லடி*

துணிவு ஒரே இரவில் வந்ததல்ல. 1920 மார்ச் 25இல் சூரத் நகருக்கு அருகே சரஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து வயதில் அகமதாபாத் ஆசிரமத்தில் காந்தியைக் கண்டார். எட்டு வயதில், 1928இல், பிரித்தானிய அரசு அனுப்பிய சைமன் குழுவை எதிர்த்த ‘சைமனே திரும்பிப் போ’ என்ற ஊர்வலத்தில் நடந்தார். சிறுவர் ஊர்வலம் ஒன்றில் பொலிஸார் தடியடி நடத்த, கொடி பிடித்திருந்த சிறுமி கொடியோடு கீழே விழுந்தாள். அதற்குப் பிள்ளைகள் கண்ட வழி என்ன தெரியுமா? கொடியின் நிறங்களிலேயே உடை தைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்கள். தடியால் அடித்துக் கொடியைத் தட்டிவிடலாம், உடுத்தியிருக்கும் உடையை என்ன செய்வது? பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றிலும் இந்தச் சமயோசிதத்தைக் காணலாம்.

அவருடைய தந்தை ஆங்கிலேய அரசின் கீழ் நீதிபதி. பதவியில் இருந்தவரை மகள் போராட்டத்தில் இறங்குவதை அவர் விரும்பவில்லை. 1930இல் ஓய்வு பெற்றார். 1932இல் குடும்பம் பம்பாய்க்குக் குடிவந்தது. உஷா வில்சன் கல்லூரியில் மெய்யியல் படித்து 1939இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அடுத்துச் சட்டம் படிக்கத் தொடங்கி, 1942இல் அதை நிறுத்தினார்.

நிறுத்திய காரணம் 1942 ஓகஸ்ட் 8. அன்று பம்பாய் கோவாலியா குள மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தி உட்படத் தலைவர்கள் அனைவரையும் பிடித்துவிட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அடுத்த ஊருக்கே தெரியவில்லை. அச்சகத்துக்கு முத்திரை வைக்கலாம், துண்டுப் பிரசுரத்தைப் பறிக்கலாம், காற்றில் போகும் குரலைப் பறிப்பது கடினம் என்று அந்த இளைஞர்கள் கணக்குப் போட்டார்கள். ஓகஸ்ட் 14இல் வேலை தொடங்கியது. 27இல் குரல் ஒலித்தது: “இது காங்கிரஸ் வானொலி, இந்தியாவில் ஓரிடத்திலிருந்து 42.34 மீட்டரில் பேசுகிறது.”

42.34 மீட்டர் என்றால் என்ன? அக்காலத்தில் ஒலிபரப்பும் கருவியைத் தனியாட்கள் செய்ய முடிந்ததா? உள்ளே என்னென்ன இருந்திருக்கும்?
*பௌதிகவியல் ஆசிரியர், கல்முனை*

அது அலைநீளம். ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் மீடிறன், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது, வரும். வேகம் விநாடிக்கு 300 மில்லியன் மீட்டர்; 300-ஐ 42.34ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 7.08 மெகாஹேர்ட்ஸ். சிற்றலை வரிசையின் கீழ்ப்பகுதி அது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவைக் குறைந்த சக்தியில் கடக்க வேண்டுமானால், இரவு நேரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கருவியைச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். போருக்கு முன்பே இந்தியாவில் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காகத் தாமே கருவி கட்டி ஒலிபரப்பியவர்கள், இருந்தனர். போர் தொடங்கியதும் அவர்களுடைய ஒலிபரப்பிகளை ஒப்படைக்கச் சொல்லி அரசு ஆணையிட்டது. கருவியைத்தான் வாங்க முடிந்தது, கைப்பழக்கத்தை வாங்க முடியவில்லை. அப்படியொருவர்தான் காங்கிரஸ் வானொலிக்குக் கருவி கட்டிக்கொடுத்த நரிமன் பிரின்டர். சிக்காகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோத்வானி பாகங்களும் தொழில்நுட்பக்காரர்களும் கிடைக்க வழி செய்தார்.

அக்காலச் சிற்றலை ஒலிபரப்பி எதுவானாலும் ஐந்து பகுதிகள் இருக்கும். மாணவர்களுக்கு விளக்கும்போது பழுதோடு சேர்த்துச் சொல்லுங்கள், மனதில் நிற்கும்.

முதலாவது அலையாக்கி. குவார்ட்ஸ் பளிங்கு இருந்தால் மீடிறன் அசையாது நிற்கும். சுருளும் கொள்ளளவியும் மட்டும் வைத்துக் கட்டினால், வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) சூடேறச் சூடேற மீடிறன் நகரும். கேட்பவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும், இடையில் குரலைத் தவறவிட்டுவிடுவார். ஆகவே கருவியைக் கால் மணிக்கு மேல் சூடேற விட்டுத்தான் பேசத் தொடங்குவது வழக்கம்.

அடுத்தது சக்தி பெருக்கி வால்வுகள். மூன்றாவதாகக் குரலை அலைமீது ஏற்றும் பண்பேற்றி. பலருக்குத் தெரியாத கணக்கு இங்கேதான் இருக்கிறது. வீச்சப் பண்பேற்றத்தில் (ஏ.எம்.) காவி அலைக்கு, அதாவது குரலைச் சுமந்து செல்லும் அலைக்கு, 100 வாற்று கொடுத்தால், குரலை முழு அளவில் ஏற்ற இன்னும் 50 வாற்று ஒலிச் சக்தி வேண்டும். ஒலிப் பெருக்கியைச் சிறிதாக வைத்தால் அலை தூரம் போகும், குரல் மட்டும் முனகலாகக் கேட்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் குரல் கரகரத்து அக்கம்பக்க மீடிறன்களிலும் சிதறும். ஒளிந்திருந்து பேசுபவருக்கு அந்தச் சிதறல் ஆபத்து.

நான்காவது மின்வழங்கி. வால்வுகளுக்குப் பல நூறு வோல்ட் நேரோட்டம் தேவை. மாற்றி, சீராக்கி, பெரிய சுருள், வடிகட்டும் கொள்ளளவிகள் எல்லாம் சேர்ந்து கருவியின் எடையில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். வீடு விட்டு வீடு மாற்றும்போது சுமைதூக்க வேண்டியதும் இதையே. வடிகட்டல் போதாவிட்டால் பேச்சுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் விடாது கேட்கும்.

கடைசியில் ஏரியல். 7.08 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலைக் கம்பி சுமார் 20 மீட்டர் நீளம், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 33 அடி வீதம் 66 அடி. பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கலாம், 66 அடிக் கம்பியை எங்கே ஒளிப்பது? உடுப்புக் காயப்போடும் கொடிகள் நிறைந்த மாடிக் குடியிருப்புகளில் ஒரு கம்பி கூடுதலாகத் தெரிந்தால் சந்தேகம் குறைவு. வெறிச்சோடிய வீட்டைவிட நெருக்கமான தொடர்மாடி நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தினமும் செய்தி எங்கிருந்து வந்தது? அவர் ஒருவரேதான் எல்லாம் பேசினாரா?
*வாசகி, காரைதீவு*

இல்லை. விட்டல்தாஸ் ககர் என்ற பாபுபாய், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் அன்றாட வேலையில் உடனிருந்தவர்கள். ராம் மனோகர் லோகியா தலைமறைவாக இருந்தபடியே உரைகள் எழுதினார், பேசவும் செய்தார். அச்சுத் பட்வர்தன், புருஷோத்தம் திரிகம்தாஸ் ஆகியோரும் உதவினர். லோகியாவை எழுத்தாளர், சிந்தனையாளர் என்றே பலர் அறிவர். தலைமறைவு ஒலிபரப்பாளராக அவர் செய்த வேலை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

செய்திகள் பல மாகாணங்களிலிருந்து தூதர்கள் மூலம் கையில் வந்தன. தொலைபேசியையும் தபாலையும் நம்ப முடியாத காலம் அது. சிட்டகாங் குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், அஷ்டி, சிமூர் ஊர்களில் நடந்த கொடுமைகள் போன்றவற்றை அச்சுப் பத்திரிகைகள் தொடத் தயங்கியபோது இந்த வானொலி சொன்னது. ‘இந்துஸ்தான் ஹமாரா’ இசைத்தட்டுடன் தொடங்கி ‘வந்தே மாதரம்’ இசைத்தட்டுடன் முடிப்பார்கள். ஆங்கிலத்திலும் ஹிந்துஸ்தானியிலும் பேச்சு. முதலில் நாளுக்கு இரண்டு முறை, பிறகு மாலை 7.30 முதல் 8.30க்குள் ஒரு முறை மட்டும். குறைத்ததற்குக் காரணம் சோம்பலல்ல. ஒலிபரப்பி எவ்வளவு நேரம் இயங்குகிறதோ, தேடுபவருக்கும் அவ்வளவு நேரம் கிடைக்கும்.

இடத்தையும் அடிக்கடி மாற்றினார்கள். சௌபாட்டி கடற்கரைக் கட்டடம் ஒன்றில் தொடங்கியது, கிர்காவ் பகுதியின் பாரேக் வாடியில் முடிந்தது. ஒவ்வொரு முறையும் புது வீட்டு வாடகை, புதுப் பெயர், கருவியைச் சுமந்துபோக ஒரு சாக்குப்போக்கு, கம்பி கட்ட இடம், அன்று மாலையே மறுபடி ஒலிபரப்பு. மூன்று மாதத்துக்குக் குறைவான காலம்தானே என்று எழுதியிருந்தார் ஒரு வாசகர். அந்தக் காலத்தை இந்த வேலைகளால் அளந்து பாருங்கள்.

அந்த ஒலிபரப்பு மட்டக்களப்பில் கேட்டிருக்க முடியுமா?
*ஓய்வுபெற்ற தபாலதிபர், களுவாஞ்சிக்குடி*

அலையின் இயல்புப்படி, முடியும். பம்பாயிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் 1,580 கிலோமீட்டர் அளவு. 7 மெகாஹேர்ட்ஸ் அலை பகலில் அயன மண்டலத்தின் (வானின் உயரத்திலுள்ள மின்னேற்றப் படைகளின்) கீழ்ப்படையிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படை கரைந்துபோகும். அலை மேல்படையில் பட்டு ஒரே தாவலில் இந்தத் தூரத்தைக் கடந்துவிடும். 7.30 மணி ஒலிபரப்பு நமக்கும் இருட்டிய பிறகுதான். பம்பாயிலிருந்து இன்னும் தொலைவிலுள்ள பர்மாவிலும் அந்த வானொலி கேட்டது.

தடையாக இருந்திருக்கக்கூடியது தூரத்தைவிட ரேடியோப் பெட்டி. மின்சாரம் எட்டாத ஊரில் வால்வு ரேடியோ ஓட வேண்டுமானால் இரண்டு வகைப் பற்றரி வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்க 2 வோல்ட் ஈய அமிலப் பற்றரி, உயர் மின்னழுத்தத்துக்கு 90 வோல்ட் வரையிலான உலர் பற்றரிக் கட்டு. முன்னதை நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவர வேண்டும், பின்னது தீர்ந்தால் புதிதாக வாங்க வேண்டும். போர்க்காலத்தில் இரண்டுமே எளிதில்லை.

அந்த ஆண்டு நம் கரைக்கும் போர் வந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலுக்குள் அது இன்னும் கிடக்கிறது. அதற்கு நான்கு மாதம் கழித்து, இதே பேரரசை எதிர்த்துப் பம்பாயில் ஒரு மாணவி ஒலிவாங்கி முன் அமர்ந்தார்.

எப்படிப் பிடிபட்டார்கள்? பொலிஸாரின் கருவி கண்டுபிடித்ததா, ஆள் காட்டிக்கொடுத்தாரா?
*வாசகர், அம்பாறை*

கருவி நெருங்க வைத்தது, கதவைக் காட்டியது ஆள்.

திசையறியும் கருவியின் மையம் ஒரு வளைய ஏரியல். அலை வரும் திசைக்கு வளையத்தின் தட்டையான முகத்தைக் காட்டினால் ஒலி அற்றுப்போகும், விளிம்பைக் காட்டினால் கூடும். ஒலி கூடும் இடம் மழுங்கலாக இருக்கும், அறும் இடமோ கூர்மையானது. ஆகவே அறும் இடத்தை வைத்துத்தான் கோடு போடுவார்கள். இரண்டு இடங்களிலிருந்து இரண்டு கோடு போட்டால் அவை வெட்டும் புள்ளியில் ஒலிபரப்பி இருக்க வேண்டும்.

ஏட்டில் இது எளிது. நகரத்தில் அப்படியில்லை. 10 கிலோமீட்டர் தொலைவில் 2 பாகை பிழைத்தால் புள்ளி 350 மீட்டர் தள்ளிப் போய்விடும். கிர்காவ் போன்ற பகுதியில் 350 மீட்டருக்குள் எத்தனை நூறு குடும்பங்கள்! இரவில் வானிலிருந்து திரும்பும் அலை, வளையத்தின் கிடைப் பகுதிகளிலும் மின்னைத் தூண்டிக் கோட்டையே திருப்பிவிடும். மின்கம்பிகளும் இரும்புச் சட்டங்களும் அலையை ஏந்தித் தம்மிடமிருந்து வருவதுபோல் காட்டும். வண்டியோடு மிக நெருங்கினால்தான் பிழை குறையும். நெருங்குவதற்குள் ஒலிபரப்பு முடிந்துவிடும், சில நாட்களில் வீடும் மாறிவிடும்.

அதனால்தான் பொலிஸார் பாகம் விற்கும் கடைகளையும் கருவி கட்டத் தெரிந்தவர்களையும் தேடிப் போனார்கள். நவம்பர் 12இல் தொழில்நுட்பக்காரர் பிரின்டர் பிடிபட்டு, இடத்தைச் சொல்லிவிட்டார். அன்று பாபுபாயின் அலுவலகத்தில் சோதனை நடந்தபோது உஷா அங்கே இருந்தார். அங்கிருந்து தப்பிச் சென்று மற்றவர்களுக்குச் செய்தி சொன்னார். ஓடி ஒளிந்திருக்கலாம். அன்றைய ஒலிபரப்பை விடக்கூடாது என்று சந்திரகாந்துடன் பாரேக் வாடிக்குப் போனார். பொலிஸார் கதவுகளை உடைத்து உள்ளே வந்தபோது வந்தே மாதரம் சுழன்றுகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார்கள். உஷாவும் சந்திரகாந்தும் நிறுத்தவில்லை.

எத்தனை முறை வீடு மாற்றினாலும், கருவி கட்டுபவருக்கு இடம் தெரியாமல் இருக்க முடியாது. அந்த அமைப்பின் மெலிந்த இடம் அதுதான். பிரின்டரை ஒரே சொல்லில் துரோகி என்று தள்ளிவிடுவதில் எமக்கு உடன்பாடில்லை. அவர் கட்டித் தராவிட்டால் அந்தக் குரலே எழுந்திருக்காது.

பாடசாலைக் கண்காட்சியில் இதை எப்படிச் செய்து காட்டலாம்? செலவு குறைவாக இருக்க வேண்டும்.
*தரம் 10 மாணவர்கள், அக்கரைப்பற்று*

ஒலிபரப்பி எதுவும் வேண்டாம், சட்டப்படியும் கூடாது. ‘ஒளிந்திருக்கும் இரைச்சலைக் கண்டுபிடித்தல்’ என்று செய்யுங்கள். தேவையானவை: மத்திய அலை உள்ள சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று, பவர்பேங்க் ஒன்று, சார்ஜ் குறைந்த கைபேசி ஒன்று, ஒரு மீட்டர் சார்ஜ் வயர், பிரிஸ்டல் போர்ட், அடிமட்டம், பென்சில்.

ரேடியோவைத் திறந்து பார்த்தால் விரல் நீளத்தில் கறுப்புக் கோல் ஒன்றில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். அதுதான் பெரைற்று ஏரியல், பொலிஸாரின் வளையம் செய்த வேலையையே செய்வது. கோல் எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்று பார்த்து, பெட்டியின் மேல் ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொள்ளுங்கள். வளையத்தில் முகம் காட்டினால் ஒலி அறும் என்றோம். இங்கே கோலின் முனை இரைச்சலை நேராக நோக்கும்போது ஒலி அறும்.

பவர்பேங்கில் கைபேசியைச் செருகிச் சார்ஜ் ஏற விடுங்கள். வெறும் பவர்பேங்கை வைத்தால் சில விநாடிகளில் தானாக அணைந்துவிடும், இரைச்சலும் நின்றுவிடும். வயரை நிலத்தில் சுருட்டி வைக்காமல் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், மேலே கைபேசி, கீழே பவர்பேங்க். செங்குத்து வயரைச் சுற்றிக் காந்தப்புலம் கிடையான வட்டங்களாக இருக்கும், அப்போதுதான் கோல் சரியான திசையைக் காட்டும். சுருட்டிய வயர் கண்ட திசையெல்லாம் காட்டும். ரேடியோவில் நிலையம் எதுவுமில்லாத இடத்துக்குத் திருகி, ‘சர்ர்ர்’ என்ற ஒலி கூடுதலாகக் கேட்கும் புள்ளியைத் தேடுங்கள். எல்லாப் பவர்பேங்கும் ஒரே அளவு இரையாது. இரண்டு மூன்றைச் சோதித்து அதிகம் இரைவதை எடுங்கள். விலை மலிந்தவை பெரும்பாலும் நன்றாக இரையும்.

இவற்றை ஒரு உயரமான அட்டைப் பெட்டிக்குள் மறையுங்கள். பார்வையாளர் முன் ஒரேமாதிரி ஐந்து பெட்டி இருக்கட்டும், பெட்டிக்குப் பெட்டி ஒரு மீட்டர் இடைவெளி. பெட்டிகளுக்கு முன்னாலுள்ள மேசையின் இரு மூலைகளில் மாறி மாறி ரேடியோவை வைத்து, ஒலி மிகக் குறையும்வரை மெல்லத் திருப்பி, அம்பின் வழியே பிரிஸ்டல் போர்டில் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் வெட்டும் பெட்டியைத் திறக்கட்டும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. இரும்பு மேசை வேண்டாம், பலகை மேசை எடுங்கள். மண்டபத்து எல்.ஈ.டி. மின்குமிழ்களும் இதேபோல் இரையும், முதலில் அவற்றை அணைத்துப் பாருங்கள். ஒலி முற்றாக அறாவிட்டால் மிக அருகில் நிற்கிறீர்கள், அரை மீட்டர் தள்ளிப் போங்கள். இன்னொன்று, ஒரு கோடு பெட்டி இருக்கும் பக்கத்தை மட்டுமல்ல, நேர் எதிர்ப் பக்கத்தையும் காட்டும். இரண்டாவது கோடு இல்லாமல் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இதைப் பார்வையாளரே கண்டுபிடிக்க விடுங்கள், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

இது ஆசாத் ஹிந்த் வானொலிதானே? இலங்கையர் யாருக்காவது இதில் தொடர்புண்டா?
*வாசகர், வாழைச்சேனை*

இரண்டும் வேறு. ஆசாத் ஹிந்த் வானொலி ஜேர்மனியிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் முயற்சியில் 1942இல் தொடங்கியது, பின்பு சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் மாறியது. தமிழிலும் அதில் நிகழ்ச்சி உண்டு. அதன் பின்னால் ஒரு நாட்டின் சக்திமிக்க ஒலிபரப்பிகள் இருந்தன. காங்கிரஸ் வானொலிக்குப் பின்னால் இருந்தது பம்பாயின் வாடகை வீடுகள்.

இலங்கையர் பக்கம் பார்த்தால், சிறையிலிருந்த சமசமாஜத் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோர் 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனார்கள். அவர்கள் சார்ந்த கட்சி வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பங்கெடுத்தது. 1943இல் என்.எம்., பிலிப் இருவரும் பம்பாயில் பிடிபட்டனர்.

நீதிமன்றத்தில் அவர் பேசவே இல்லை என்கிறார்களே, உண்மையா? அதன்பின் என்ன ஆனார்?
*ஆசிரியை, ஆரையம்பதி*

உண்மை. ஆறு மாத காலம் விசாரணை, தனிமைச் சிறை. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தால் வெளிநாட்டில் படிக்க அனுப்புகிறோம் என்றும் ஆசை காட்டினார்கள். நீதிமன்றத்தில் அவர் நீதிபதியிடம் ஒன்றே கேட்டார்: கேள்விகளுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? கட்டாயமில்லை என்றார் நீதிபதி. அதன்பின் ஒரு கேள்விக்கும் அவர் வாய் திறக்கவில்லை. நாள் தவறாமல் நாட்டுக்குப் பேசியவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் சொல்லவில்லை. மாணவிகளுக்கு இந்த இடத்தை நின்று விளக்குங்கள் ரீச்சர். அவர் பொய் சொல்லவும் இல்லை, சட்டத்தை மீறவும் இல்லை. சட்டம் தந்த உரிமை எதுவென்று கேட்டறிந்து, அதை மற்றவர்களைக் காக்கும் கவசமாக்கினார். சட்டக் கல்வியைப் பாதியில் விட்ட மாணவி அவர் என்பதையும் நினைவூட்டலாம்.

நான்கு ஆண்டுத் தண்டனை. புனேயின் எரவாடா சிறையில் உடல்நிலை கெட்டு, பம்பாய் மருத்துவமனையில் காவலோடு வைத்திருந்து மீண்டும் சிறைக்கு அனுப்பினார்கள். 1946 மார்ச்சில் விடுதலை. உடல் நலிந்திருந்ததால் அரசியல் கூட்டங்களில் முன்போல் ஓட முடியவில்லை. படிக்கப் போனார். காந்தியின் அரசியல், சமூகச் சிந்தனை பற்றி ஆய்வு செய்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தான் படித்த வில்சன் கல்லூரியிலேயே 30 ஆண்டுகள் கற்பித்தார், பல்கலைக்கழகத்தின் அரசியல் துறைக்குத் தலைமை வகித்தார், எழுதினார். 1980இல் ஓய்வு. 1998இல் இந்திய அரசின் பத்ம விபூஷண் விருது. 2000 ஓகஸ்டில், காய்ச்சல் இருந்தும், வெள்ளையனே வெளியேறு போராட்ட நினைவு நாள் நிகழ்வுக்குப் போய்வந்தார். 11ஆம் திகதி 80 வயதில் காலமானார்.

இப்போது 42.34 மீட்டரில் என்ன கேட்கும்? வீட்டில் கேட்க என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், பொத்துவில்*

7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரை இன்று நம் வட்டாரத்தில் அமெச்சூர் வானொலிக்காரர்களின் இடம். அவர்கள் கட்டிக்கொடுத்த வானொலி ஒலித்த அதே புள்ளியில் இன்று உரிமத்தோடு பேசுகிறார்கள். இலங்கையர் என்றால் அழைப்புக் குறி பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். கேட்பதற்குச் சிற்றலை ரேடியோ போதும். ஆனால் அவர்கள் ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) முறையில் பேசுவதால் சாதாரண ரேடியோவில் வாத்துக் கத்துவதுபோலத்தான் கேட்கும். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள ரேடியோவென்றால் பேச்சு தெளியும். அதற்கு மேலே 7.2 தாண்டினால் வழக்கமான ஒலிபரப்பு நிலையங்கள், அவை எந்தச் சிற்றலை ரேடியோவிலும் கேட்கும்.

உறையிட்ட செப்பு வயர் 20 மீட்டர் எடுங்கள். ஒரு முனையை வீட்டுக் கூரையோரம், மறுமுனையைத் தென்னையில், இரு முனைகளிலும் வயருக்கும் கட்டுமிடத்துக்கும் இடையே ஒவ்வொரு சாண் நைலோன் கயிறு வைத்துக் கட்டுங்கள். வயர் மரத்திலோ கூரைத் தகட்டிலோ முட்டக்கூடாது. மின்கம்பிக்கு அருகிலும் மேலும் கீழும் கொண்டுபோகவே கூடாது. இழுத்துக் கட்டாதீர்கள், கச்சான் காற்றில் தென்னை ஆடும்போது அறுந்துவிடும். ஒரு முழம் தொய்வு இருக்கட்டும். வீட்டுப் பக்க முனையிலிருந்து ஒரு வயரை இறக்கி, முதலைக் கவ்வியால் ரேடியோவின் இழுப்பு ஏரியலில் மாட்டுங்கள். இணைப்பைப் பற்றாசு வைத்து, மேலே மெழுகோ பிசினோ பூசுங்கள். பொத்துவில் உப்புக்காற்று திறந்த செப்பை விரைவில் பச்சையாக்கிவிடும்.

இரவு 7.30க்குப் பிறகு, வீட்டு எல்.ஈ.டி. மின்குமிழ்களையும் சார்ஜர்களையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். மின்வெட்டு நேரம் இன்னும் நல்லது, ஊரே இரைச்சலற்றிருக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் கேட்டு முடித்ததும் கவ்வியைக் கழற்றி வயரின் முனையை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.